டோ ஓன் மியாவின் முதல் கரண்டி

மாண்டலேயின் சேவல்கள் சோம்பேறிகள். விடிந்துவிட்டதைத் தாங்களாகக் கண்டுபிடித்துக் கூவும் வழக்கம் அவற்றுக்குக் கிடையாது. சுத்தியலால் தங்க ரேக்கு அடிக்கிற தெருவில் டோ ஓன் மியா சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கூவின. நம்பாதவர்கள் அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள், அவ்வளவு ஒற்றுமையான தெரு.

டோ ஓன் மியா மொய்ங்கா விற்றாள். வாழைத்தண்டும் மீனும் கொதிக்கும் அந்தக் குழம்பை விட அவள் வாய்க்குத்தான் காரம் அதிகம். கடன் சொன்னவனின் தாத்தாவிலிருந்து ஆரம்பித்து, அவன் மறுபிறவியில் என்ன பூச்சியாகப் பிறப்பான் என்பது வரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். ஆற்றங்கரைக் கருவாட்டுக்காரிகளே சண்டையில் தோற்கும்போது ஆள் அனுப்பி அவளிடம் வார்த்தை வாங்கிக்கொண்டு போவார்கள் என்று பேச்சு.

ஆனால் காலையில் ஒரு கால்மணி நேரம் அந்த வாய் மூடியிருக்கும். பிக்குகள் வரிசையாக, வெறுங்காலோடு, கருப்புப் பாத்திரத்தை அணைத்துக்கொண்டு தெருமுனையில் திரும்பும் நேரம் அது. தலைமுடியை இறுக்கி முடிந்து, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஆவி பறக்கும் சோற்றோடு வாசலில் நிற்பாள். தெருவில் முதல் வீடு அவளுடையது. ஆகையால் வரிசையின் முதல் பாத்திரத்தில் விழும் முதல் கரண்டியும் அவளுடையது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலை தொடங்கியது. புருஷன் செத்த மறுநாளும் நிற்கவில்லை.

"நாள் பூரா நான் பேசற பேச்சுக்கு, பொழுது சாயறதுக்குள்ள நரகத்துல எனக்குன்னு எண்ணெய் கொதிச்சிடும்" என்பாள். "காலையில போடற அந்த ஒரு கரண்டி சோறுதான் அடுப்பை அணைச்சு வைக்குது. ஒரு நாள் தவறினாலும் நான் வடையாயிடுவேன்."

விளையாட்டாகச் சொல்வதுபோல் இருக்கும். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். தேர்தலை வைத்ததும் பர்மாவை ஆண்டுகொண்டிருந்த ராணுவத்துக்காரர்கள்தான், தோற்றதும் அவர்கள்தான். தோற்ற பிறகு தேர்தல் நடந்ததை மறந்துவிட்டு, நாற்காலியை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். மழைக்காலத்தில் மாண்டலே பிக்குகள் ஊர்வலமாகப் பிச்சைக்குப் போனார்கள், மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். துப்பாக்கி வெடித்தது. சில பிச்சைப் பாத்திரங்கள் தெருவில் உருண்டு கிடந்தன. அவற்றில் இருந்தது சோறு மட்டுமல்ல.

பிக்குகள் கல்லெடுக்கவில்லை. கூடிப் பேசினார்கள், விநயம் என்ற பழைய ஒழுக்க நூலிலிருந்து ஒரு விதியைப் படித்தார்கள். சங்கத்துக்குத் தீங்கு செய்தவன் கையால் பிக்கு பிச்சை வாங்கமாட்டான். பாத்திரம் அவனுக்குக் கவிழ்ந்தது. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பிக்கு வரமாட்டார். கொடுக்கவே முடியாது என்றால் புண்ணியம் எங்கிருந்து வரும்? பர்மாக்காரனைப் பட்டினி போடலாம், பொறுத்துக்கொள்வான். பிச்சை போடவிடாமல் செய்தால் அவன் தூக்கம் போய்விடும்.

படையில் இருக்கிறவனுக்கும், அவனோடு ஒரே கூரையில் ஒரே பானையில் சாப்பிடுகிறவர்களுக்கும் என்று பாத்திரம் கவிழ்ந்தது. அங்கேதான் டோ ஓன் மியாவுக்கு வந்தது வினை. அவள் மகள் மா யூ வாவின் புருஷன் கோ டின் பே, ராணுவத்தில் சார்ஜென்ட். லாரி ஓட்டுபவன். மாமியார் வீட்டோடு இருந்தான்.

நல்ல பிள்ளை. மொய்ங்கா அண்டாவைச் சந்தைக்குத் தூக்கிக் கொடுப்பான், விறகு பிளப்பான், மாமியார் திட்டினால் மீசைக்குள் சிரிப்பான். அந்த மீசை ஒன்றுதான் அவனிடம் சார்ஜென்ட் மாதிரி இருந்தது. கருகருவென்று இரண்டு பக்கமும் சீவிவிட்ட துடைப்பம் போல. படகுக்காரர்கள் அதைத் தூரத்திலிருந்து பார்த்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று சொல்வார்களாம்.

மறுநாள் காலை வரிசை வந்தது. டோ ஓன் மியா கரண்டியை நீட்டினாள். முன்னால் வந்த ஸயாடோ, மடத்துப் பெரியவர், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்தித்தானே அவர்கள் நடப்பது. மெல்லப் பாத்திரத்தின் மூடியைப் போட்டார். டக். அவ்வளவுதான். நடந்து போனார். பின்னால் வந்தவர்களும் வரிசையாக, டக், டக், டக்.

எதிர்வீட்டு டோ ஷான் மாவின் வாசலில் மூடிகள் திறந்தன. முதல் கரண்டி அவளுடையதாயிற்று. இத்தனை வருஷமாக இரண்டாம் கரண்டி போட்டு வந்தவள் அவள். அந்தத் தங்கப்பல் சிரிப்பை டோ ஓன் மியா செத்தாலும் மறக்கமாட்டாள்.

"ஏன்க்கா, சோறு வேகலையா?" என்றாள் டோ ஷான் மா.

"வெந்துச்சு. உன் வயிறுதான் இன்னும் வேகுது போல. இருபது வருஷமா வேகுது. அணைச்சுக்கோ, இன்னிக்கு ஒரு நாள்."

பதில் சொல்லிவிட்டாள். ஆனால் கரண்டியில் இருந்த சோறு ஆறும் வரை அதை அவள் கீழே இறக்கவில்லை. சேவல்கள் அன்றைக்கு முழுக்க எப்போது நிறுத்துவதென்று தெரியாமல் கூவிக்கொண்டே இருந்தன.

கடையைச் சாத்திவிட்டு நேராக மடத்துக்குப் போனாள். மூன்று முறை விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்ததும் ஆரம்பித்தாள்.

"பயா, நான் யாரையாவது சுட்டேனா? எனக்குத் துப்பாக்கியைப் பிடிக்கத் தெரியுமா? கரண்டி பிடிக்கத்தான் தெரியும்!"

"தெரியும், தகாமா." தானம் போடுகிற பெண்ணைப் பிக்குகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பிக்குவை மற்றவர்கள் பயா என்பதுபோல. ஸயாடோ குண்டான மனிதர், அவசரமே இல்லாதவர். "இத்தனை வருஷமா உன் சோறுதான் இந்த வயிறு. இன்னிக்குக் காலையில அதுவும் உன்னைக் கேட்டு அழுதுச்சு. நான் சமாதானம் சொல்லியிருக்கேன். நீயும் உன் வயித்துக்குச் சொல்லு."

"என் வயிறு அழல பயா. அங்க எனக்காக எண்ணெய் கொதிக்குது!"

"உன் மேல கோவம் இல்ல. டின் பே மேலயும் இல்ல. கோவப்பட்டா இது தண்டனையாயிடும். இது தண்டனை இல்ல, வழி. அவனே நடந்து வந்து, சங்கத்து முன்னாடி முட்டி போட்டு, தப்பு நடந்துச்சு, மன்னிக்கணும்னு கேட்டா, அந்த நிமிஷம் பாத்திரம் நிமிரும். புத்தர் காலத்திலிருந்தே அப்படித்தான்."

"அவனை வீட்டை விட்டுத் துரத்திட்டா?"

"துரத்திடுவியா?"

டோ ஓன் மியா மடத்துப் பூனையை ஓரமாகத் தள்ளினாள்.

"அண்டாவை யார் தூக்குவா?" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்தாள். அண்டா மட்டும் காரணமில்லை என்பது ஸயாடோவுக்குத் தெரியும்.

மாலையில் டின் பே வந்து கால் கழுவி, வட்ட மேசை முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவன் தட்டு கவிழ்ந்திருந்தது. நிமிர்த்தினான். டோ ஓன் மியா எட்டி, மறுபடி கவிழ்த்தாள்.

"அமே?" என்றான். மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "யூ வா, உன் புருஷன்கிட்டச் சொல்லு. பிக்குங்க வாங்காத வீட்டுல அவனும் வாங்கக் கூடாது. அவன் கையால எதையும் நானும் வாங்கமாட்டேன். விறகு வேண்டாம், அண்டாவைத் தொட வேண்டாம். போய் அந்த ஸயாடோகிட்ட மன்னிப்புக் கேக்கற வரைக்கும் இந்தத் தட்டு இப்படித்தான்."

"நான் சுடலை அமே! நான் லாரிதான் ஓட்டினேன்."

"யூ வா, சொல்லு. லாரி தானா போச்சான்னு கேளு."

"லாரி தானா போச்சான்னு அம்மா கேக்கறாங்க" என்றாள் மா யூ வா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின.

டின் பே கவிழ்ந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "மன்னிப்புக் கேட்டேன்னு கர்னலுக்குத் தெரிஞ்சா எனக்கு விலங்குதான் அமே. சம்பளம் போகும், எல்லாம் போகும்" என்றான் கடைசியில்.

"யூ வா, நான் நரகத்துல வேகறப்ப அவன் சம்பளத்துல விசிறி வாங்கி அனுப்பச் சொல்லு."

அவன் எழுந்து பாசறைச் சமையல்கூடத்துக்குப் போனான். அங்கே போடுகிற பட்டாணியை வேகவைக்க விறகு போதாது, போர்தான் வேண்டும் என்பார்கள்.

இந்தச் செய்தி ரேக்குத் தெருவைத் தாண்ட நேரமாகவில்லை. பாத்திரம் கவிழ்ந்த வீடுகள் ஊரில் எத்தனையோ இருந்தன. கரண்டியோடு வாசலில் நின்று, டக் டக்கென்று மூடிச் சத்தம் கேட்டு அழுத பெண்கள் அத்தனை பேருக்கும் இது ஒரு யோசனையாகத் தெரிந்தது. பீரங்கிப் படைக் குடியிருப்பில் ஒரு வரிசை வீடுகளில் ஒரே மாலையில் தட்டுகள் கவிழ்ந்தன. படையின் பட்டாணி ஒரே வாரத்தில் தீர்ந்தது. அணிவகுப்பில் நின்ற வீரர்களின் வயிறு உறுமிய உறுமலைப் புலியென்று நினைத்து மலையடிவாரத்துக் குரங்குகள் இடம்பெயர்ந்தன. இதில் குரங்குகளைப் பற்றிய பகுதியை மட்டும் டோ ஷான் மா மறுத்திருக்கிறாள்.

டோ ஓன் மியா காலைதோறும் சோறு வடித்து வாசலில் நிற்பதை மட்டும் விடவில்லை. மூடி டக்கென்று விழும். அவள் தலை குனியும். சோறு காக்கைக்குப் போகும். ரேக்குத் தெருக் காக்கைகள் பறக்க முடியாத அளவுக்குப் பெருத்து நடந்து போகத் தொடங்கின. ஆனால் அவள் பேச்சில் காரம் குறைந்துகொண்டே வந்தது. கடன்காரனைப் பார்த்து, "சரி, அப்புறம் குடு" என்று ஒரு நாள் சொன்னாள். அவன் பயந்துபோய் அன்றைக்கே கொடுத்துவிட்டான்.

"அக்கா, நீ என்னைத் திட்டியே நாலு நாளாச்சு. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று டோ ஷான் மா தெருவைக் கடந்து வந்து கேட்டாள்.

"எண்ணெயைக் குறைச்சுப் பாக்கறேன்" என்றாள் டோ ஓன் மியா. "வழி இல்லாதவ வேற என்ன செய்வா?"

டோ ஷான் மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல் கரண்டி எனக்கு ருசிக்கல, அக்கா. உன்கிட்டப் புடுங்கினாத்தானே ருசிக்கும்."

மழைக்கால நோன்பு முடியும் தடிஞ்சுட் பௌர்ணமி நெருங்கிற்று. ஊரெங்கும் விளக்கு ஏற்றுவார்கள். சின்னவர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொறுக்கச் சொல்வார்கள். கர்னலும் தன் அம்மா காலில் விழப் போனார். எதிரிக்குப் பயப்படாத மனிதர், அம்மாவுக்குப் பயந்தவர். அந்த அம்மா காலை இழுத்துக்கொண்டாள். "நோன்பு முடியப் போகுது. என் கையால ஒரு பிக்குவுக்குச் சோறு போடலை. முதல்ல அதுக்கு வழி பண்ணு" என்றாளாம்.

கர்னல் தமக்குத் தெரிந்த ஒரே வழியைப் பண்ணினார். ஒரு லாரி நிறைய அரிசி, எண்ணெய், பருப்பு. டின் பேயைக் கூப்பிட்டார். "உன் மாமியாரை அந்த மடத்துல தெரியுமாமே. மூணு பேரைக் கூட்டிட்டுப் போ. வாங்கிக்கச் சொல்லு. வேண்டாம்னா, இது உத்தரவுன்னு சொல்லு. பயந்து பேசாதே, நின்னு பேசு."

"நின்னு பேசணும், சார்" என்றான் டின் பே. வழியெல்லாம் லாரியை ஓட்டிக்கொண்டே ஒத்திகை பார்த்தான். ஸயாடோ, இது உத்தரவு. ஸயாடோ, இது உத்தரவு.

லாரி மடத்துப் பக்கம் திரும்பியதை டோ ஷான் மா பார்த்தாள். அவள் கத்திய கத்தலில் ரேக்கு அடிக்கிற சுத்தியல்கள் அந்தரத்தில் நின்றன. "அக்கா! உன் மருமவன் ஸயாடோவை மிரட்டப் போறான்!"

டோ ஓன் மியா குழம்பு கிளறிய கரண்டியோடு ஓடினாள், பின்னால் மா யூ வா, அதற்கும் பின்னால் பாதித் தெரு. அவன் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அப்புறம் மன்னிப்பு ஏது, கரண்டி ஏது? இந்தப் பிறவியில் பாத்திரம் நிமிராது. அவன் வாயைத் திறப்பதற்குள் இந்தக் கரண்டியால் அதை அடைத்துவிட வேண்டும் என்ற ஒரே யோசனைதான் அவளுக்கு.

அவள் கூடத்து வாசலை அடைந்தபோது டின் பே உள்ளே நுழைந்துகொண்டிருந்தான். நுழையும் முன்னால், யாரும் சொல்லாமலே, படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். மடத்துக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதை அவன் நடக்கப் பழகும்போதே கால் கற்றுக்கொண்டது; கர்னலின் உத்தரவு காலுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்று சிப்பாய்களும் கழற்றி, அழகாக வரிசையில் வைத்தார்கள்.

கூடத்தின் நடுவில் ஸயாடோ, சுற்றிலும் பிக்குகள். டின் பே நின்றான். நெஞ்சை நிமிர்த்தினான். ஸயாடோ, இது...

ஒரு பர்மாக்காரன் ஸயாடோ முன்னால் நிற்பதா? முட்டி அதுவாக மடங்கிற்று. கைகள் நெற்றியில் கூடின. தலை தரையைத் தொட்டது. தலை தரையைத் தொட்டால் வாய் என்ன செய்யும்? தாய்ப்பாலோடு கற்றதைச் செய்யும்.

"ஓகாச, ஓகாச, ஓகாச. உடம்பால, சொல்லால, மனசால, இந்த மூணாலயும் நான் செஞ்ச பிழையெல்லாம் தீரணும்னு..."

பின்னால் மூன்று சிப்பாய்களும் அதே ராகத்தில் சேர்ந்துகொண்டார்கள். அந்த நாட்டில் பிக்குவைக் கும்பிடுகிற ஒவ்வொருவனும் ஒவ்வொரு முறையும் சொல்லும் வேண்டுதல் அது. அரிசி வாங்கப் போகும்போது பையை எடுப்பதுபோல, யோசிக்காமல் சொல்வது. பாதியில் டின் பேயின் குரல் தடுக்கிற்று. என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. நிறுத்தப் பார்த்தான். ஆரம்பித்த வேண்டுதலை நடுவில் விடுவது அதைவிடப் பெரிய பாவம். முழுக்கச் சொல்லி முடித்தான்.

வெளியே டோ ஓன் மியாவின் கரண்டியிலிருந்து குழம்பு படியில் சொட்டியது கேட்டது.

"கேட்டேன்" என்றார் ஸயாடோ. "சங்கமும் கேட்டுச்சு. ஆனா ஒண்ணு சொல்லு, டின் பே. சொன்னது உன் வாயா, நீயா?"

தப்பித்துக்கொள்ள நல்ல இடம் அது. வாய்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று உத்தரவைச் சொல்லலாம். டின் பே தலையைத் திருப்பினான். வாசலில் மாமியார். அவள் திட்டவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அவள் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, காலையில் நிற்பதுபோலவே நின்றுகொண்டிருந்தாள்.

"வாய்தான் பயா, முதல்ல சொல்லிச்சு" என்றான். "நான் பின்னாடி ஓடி வந்து சேந்துட்டேன்."

"எந்தப் பிழைக்கு?"

"அன்னிக்கு லாரியை நான் ஓட்டினேன். எதுக்குப் போறோம்னு தெரியும். பிரேக் என் கால்ல தான் இருந்துச்சு. மிதிக்கல." மீசை நனைந்து தொங்கிற்று.

ஸயாடோ மற்ற பிக்குகளைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. "பாத்திரம் நிமிர்ந்தது" என்றார், மழை விட்டது என்று சொல்வதுபோல. "ஆனா நாளைக்கு மறுபடி அந்த லாரியில ஏறினா?"

"ஏறல பயா." அவனுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. "எனக்குக் காவி குடுங்க."

வாசலில் மா யூ வா, "ஐயோ!" என்றாள். பிறகு, "குடுங்க பயா" என்றாள்.

மூலையில் இருந்த ஒரு கிழப் பிக்கு தொண்டையைச் செருமினார். விநயத்தில் அவர் கெட்டி. "துறவு கேக்கறவனை நாம கேக்கணும், நீ ராஜ சேவகன் இல்லையேன்னு. ராஜ சேவகனுக்குத் துறவு கிடையாது. இவன் உடுப்பைப் பாருங்க."

"சரியான கேள்வி" என்றார் ஸயாடோ. "ராஜான்னா யாரு? பத்து தர்மம் உள்ளவன். அதுல கடைசி தர்மம் என்ன?"

"ஜனங்க சொன்னதுக்கு எதிரா நிக்காம இருக்கறது, பயா!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

"தகாமா, உன்னை யாரும் கேக்கல."

"யாராச்சும் சொல்லணுமே, பயா. எல்லாரும் சும்மா இருந்தீங்க."

"சரி. ஜனங்க சொன்னாங்க. வரிசையில நின்னு, ஓட்டுப் போட்டுச் சொன்னாங்க. கேக்காதவன் நாற்காலியில உட்காந்திருக்கான். அவன் ராஜாவா?" கிழப் பிக்கு யோசித்து, இல்லை என்று தலையாட்டினார். "ராஜாவே இல்லாத ஊர்ல ராஜ சேவகன் எப்படி இருப்பான்? டின் பே, நீ யாருகிட்ட வேலை செஞ்சே?"

"தெரியல பயா. சம்பளம் வந்துச்சு."

கூடமே குலுங்கிச் சிரித்தது. பிக்குகள் பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது; அன்றைக்கு நிறையப் பேர் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். கிழப் பிக்குவின் விசிறிதான் அதிகம் ஆடிற்று.

சிப்பாய்களில் ஒருவன் மெல்லக் கேட்டான். "சார்ஜென்ட், கர்னல்கிட்ட என்ன சொல்ல?"

"பூட்ஸ் வெளியில இருக்கு, ஆள் உள்ள இருக்கார்னு சொல்லு" என்றான் டின் பே.

"அரிசி, பயா?" என்று கேட்டான் இன்னொருவன்.

"எடுத்துட்டுப் போங்கப்பா" என்றார் ஸயாடோ. "கர்னல் அரிசியைக் கர்னல்தான் கொண்டு வரணும். பூட்ஸைக் கழட்டி வைக்கப் படி இருக்கு. உங்க மூணு பேர் குரலும் கேட்டுச்சு. வாய் சொன்னதை மனசும் சொல்ற அன்னிக்கு வாங்க. இங்க தாழ்ப்பாளே கிடையாது."

லாரி வந்தபடியே திரும்பிப் போயிற்று. கர்னலின் அம்மா அதைப் பார்த்தாள் என்றும், அன்று மாலை கர்னல் வீட்டு மேசையிலும் ஒரு தட்டு கவிழ்ந்தது என்றும் கேள்வி.

அன்றைக்கே டின் பேயின் தலையை மழித்தார்கள். விழும் முடி தரையில் படாமல் வெள்ளைத் துணியை ஒரு பக்கம் மா யூ வா பிடித்தாள், மறு பக்கம் டோ ஓன் மியா. மீசையின் முறை வந்ததும் மா யூ வா விசும்பினாள்.

"எதுக்குடி அழறே? அது மட்டும்தான் சார்ஜென்ட். மிச்சம் உன் புருஷன்" என்றாள் டோ ஓன் மியா. ஆனால் துணியில் விழுந்த மீசையைப் பார்த்ததும் அவளுக்கே கண் கலங்கிற்று. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று இனிப் படகுக்காரர்கள் எதைப் பார்த்துச் சொல்வார்கள்?

இரண்டு நாளில் படையினர் வந்து மடத்தில் தேடினார்கள். பெரிய மீசைக்கார சார்ஜென்ட் ஒருவனைக் கண்டீர்களா என்று, வரிசையாக உட்கார்ந்திருந்த மொட்டைத் தலைகளிடம் கேட்டார்கள். அந்த வரிசையில் மூன்றாவது மொட்டை கண்ணைத் தாழ்த்தி மணி உருட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த சிப்பாய்களில் ஒருவன் அன்றைக்கு அரிசி கொண்டுவந்தவன். மூன்றாவது மொட்டையின் முன்னால் அவன் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குனிந்து கும்பிட்டுவிட்டு, "இங்க மீசை எதுவும் இல்ல சார்" என்றான். பொய் சொல்லவில்லை.

பிற்பாடு மடங்களை வளைத்தார்கள், பிக்குகளைப் பிடித்துப் போனார்கள். ஸயாடோவும் போனார், சில வருஷம் கழித்து, பாதி வயிறு குறைந்து, அதே சிரிப்போடு திரும்பினார். சிறையில் காவலாளிகளுக்கும் பாத்திரத்தைக் கவிழ்த்தாராம். அவர்கள் ஒவ்வொருவராக வந்து மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, கடைசியில் கைதிகளே சாவியை வைத்துக்கொண்டு சிறையைக் காவல் காத்தார்களாம். இது டோ ஓன் மியா சொன்னது. பாதியைத் தள்ளிவிடலாம். எந்தப் பாதியை என்பதை அவள் சொல்லவில்லை. டின் பே குளிர்காலம் முடிந்ததும் காவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மா யூ வாவோடு ஆற்றின் கீழ்க்கரையில் ஒரு சின்ன ஊருக்குப் போய்த் தேநீர்க் கடை வைத்தான். மறுபடி மீசை வளர்த்தானா என்றால், வளர்த்தான். காற்றே அடிக்காத நாளிலும் அது ஆடிற்று. அவன் படியில் விட்டுப் போன பூட்ஸில் யாரோ மண் போட்டுச் செடி வைத்தார்கள். மல்லிகை நன்றாகத்தான் பூத்தது, கொஞ்சம் பட்டாணி வாசனையோடு.

ஆனால் டோ ஓன் மியாவின் வாழ்க்கையில் இதெல்லாம் பின்கதை. அவளைக் கேட்டால், மீசை விழுந்த மறுநாள் காலையைத்தான் சொல்லுவாள்.

அன்றைக்குச் சேவல்கள் முன்கூட்டியே எழுந்து காத்துக்கொண்டிருந்தன. அவள் பானை மூடியைத் திறந்தாள், ஊரே கூவிற்று. தெருமுனையில் காவி வரிசை திரும்பியது. அவள் செருப்பைக் கழற்றினாள். எதிர்வீட்டுத் தங்கப்பல் பார்த்தது, சிரிக்கவில்லை. அவளும் தன் கரண்டியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

ஸயாடோ வந்து நின்றார். மூடி திறந்தது. அந்தச் சத்தத்துக்கு எழுத்தில்லை. முதல் கரண்டி சோறு, ஆவி பறக்க, பாத்திரத்தின் அடியில் விழுந்தது. ஸயாடோ நகராமல் ஒரு கணம் நின்றார். வயிறு ஒரு நன்றி உறுமியதாகச் சொல்வார்கள்.

ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்தது. கடைசியில் ஒரு புதுப் பிக்கு. பளபளக்கும் தலை, மீசை இருந்த இடத்தில் வெளுத்த ஒரு பட்டை, பாத்திரத்தைப் பிடிக்கத் தெரியாமல் ஸ்டீயரிங்கைப் போலப் பிடித்திருந்தான். கண்ணைத் தாழ்த்தியிருந்தான். ஆனால் காது சிவந்திருந்தது.

நேற்று வரை தட்டைக் கவிழ்த்து வைத்தவள் இன்றைக்கு அவன் முன்னால் வெறுங்காலோடு மண்ணில் முட்டி போட்டாள். மூன்று முறை விழுந்து கும்பிட்டாள். தெருவே சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தது. எழுந்து, மற்ற எல்லாருக்கும் போட்டதைவிட உச்சி கூட்டி ஒரு கரண்டி அள்ளிப் போட்டாள். பிறகு மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தாள். வறுத்த இறால் பொடி. அவனுக்கு உயிர்.

பிச்சை வாங்கும்போது பிக்கு பேசக் கூடாது, சிரிக்கவும் கூடாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அப்போது வாயைத் திறந்தாள்.

"பயா" என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி, பயபக்தியோடு. "இந்த வீட்டுல ஒரு சோம்பேறிப் பய இருந்தான். மீசையால கூட்டிப் பெருக்கினாலும் பெருக்கியிருப்பான், துடைப்பத்தைத் தொடமாட்டான். எங்கயாச்சும் பாத்தீங்கன்னா சொல்லுங்க. அவன் தட்டை நிமித்தி வச்சிருக்கேன்."

புதுப் பிக்குவின் தோள் குலுங்கிற்று. பாத்திரம் ஆடிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் தரையை விட்டு எடுக்காமல், அவன் டோ ஷான் மாவின் வாசலை நோக்கி நடந்தான். வழியில் ஒரு பருக்கை கீழே விழுந்தது. நடக்கத் தெரிந்த ஒரு காக்கை ஓடி வந்தது.

"ஏய், கரியா!" என்று கரண்டியை ஓங்கினாள் டோ ஓன் மியா. "உனக்கில்லடா இனிமே! உங்கப்பன் வீட்டுச் சோறா? உன் பாட்டன் எந்தக் குப்பையில..."

தெருவில் சுத்தியல்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தன.